முகத்தைப் பார்த்து எழுதப்படும் முறைப்பாடு

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ ஒரு கந்தோரில் பாலியல் தொந்தரவு என்று முறைப்பாடு வந்தால், கடிதத்துக்கு முதல் ஆளைத்தான் வாசிக்கிறார்கள். வடிவான இளம்பெண் என்றால் "அவவும் சிரிச்சுக் கதைக்கிறவதானே" என்பார்கள். ஐம்பது தாண்டியவர் என்றால் "இவவிட்டயா?" என்று ஒரு சிரிப்பு. அபாயா போட்டவரை நம்பாததற்கும் உடுப்புத்தான் காரணம், சால்வை போடாதவரை நம்பாததற்கும் உடுப்புத்தான் காரணம்.

இது நம்மூர்க் குணம் மட்டுமல்ல. அமெரிக்க உளவியலாளர்கள் 4,000க்கும் மேற்பட்டவர்களை வைத்துச் செய்து 2021இல் வெளியிட்ட 11 ஆய்வுகளில், 'பெண்மை' குறைந்த தோற்றமுடையவரின் முறைப்பாட்டுக்கு நம்பகம் குறைந்தது. பாதிப்பும் குறைவென்றே எண்ணப்பட்டது.

பாரபட்சம் தீர்ப்பில் தெரியாது, வாக்குமூலத் தாளில் தெரியும். நம்பப்படுபவருக்கு இரண்டு பக்கம் எழுதுவார்கள். மற்றவருக்கு "சேர் என்னிடம் தவறாக நடந்தார்" என்று ஒரே வரி. அந்த வரியை ஆரம்ப விசாரணையில் எப்படியும் வளைக்கலாம். எந்தக் கை, எங்கே பட்டது, சொன்ன வார்த்தை பேச்சுத்தமிழிலேயே என்ன, அறைக்கதவு திறந்திருந்ததா, வெளியே யார் இருந்தார்கள் என்பதெல்லாம் வேண்டும். இந்தக் கேள்விகளை ஆளைக் கூப்பிடுமுன் எழுதி வைத்து, யார் வந்தாலும் அதே வரிசையில் கேட்க வேண்டும். உடுப்பு, கலியாணம், கணவர் எங்கே என்பவை அந்தத் தாளில் இருக்கவே கூடாது. கணவரில்லாமல் குடும்பம் நடத்தும் பெண்களிடம்தான் கடைசிக் கேள்வி அதிகம் கேட்கப்படுகிறது.

ஆண் முறைப்பாட்டாளருக்கு வாக்குமூலமே எடுக்கமாட்டார்கள், பகிடிதான் மிஞ்சும். பாலியல் தொந்தரவைக் குற்றமாக்கும் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு (1995இன் 22ஆம் இலக்கத் திருத்தம்) ஆண், பெண் பார்ப்பதில்லை. ஐந்தாண்டு வரை சிறை, அல்லது தண்டம், அல்லது இரண்டும், நட்டஈடும் கட்டளையிடலாம். ஆனால் தொந்தரவு செய்தவரும் ஆண் என்றால், ஓரினப் பாலுறவுக்கு எதிராகப் பயன்படும் 365அ பிரிவு தன்மேல் திரும்புமோ என்ற பயத்தில் பலர் வாயே திறப்பதில்லை.

பிறகு இடமாற்றம். 'பாதுகாப்புக்காக' முறைப்பாடு செய்தவரை வாகரைக்கோ பொத்துவிலுக்கோ அனுப்புவார்கள். தொந்தரவு செய்த அதிகாரி கதிரையிலேயே இருப்பார், சாட்சிகளும் அவருக்குக் கீழே. மாற்றுவதென்றால் அவரைத்தான் மாற்ற வேண்டும்.

முறைப்பாட்டை இரண்டு பிரதியாகக் கொடுத்து, ஒன்றில் திகதியோடு முத்திரை வாங்குங்கள். வட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள். இலக்கமும் திகதியும் தெரிகிற மாதிரிப் படமும் எடுத்து வையுங்கள். அரச ஊழியர் மட்டக்களப்பிலோ கல்முனையிலோ உள்ள மனித உரிமைகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கும் போகலாம். தனியார் கம்பனி ஊழியருக்கு அந்த வழி பொதுவாகப் பொருந்தாது, பொலிஸுக்குப் போகலாம்.