டயர் இழுக்கும் குதிரை

நார்வேக்கு வந்து பதினைந்து வருடம் கழித்து, போன வசந்தத்தில் ஃபியோர்டு என்ற இந்நாட்டு இனக் குதிரை ஒன்று வாங்கினேன். வாங்குமுன் பார்த்த மூன்று வயதுக் குதிரை ஒன்று அழகாகத்தான் இருந்தது. ஆனால் குளம்பைத் தொட்டாலே காலை உதறியது. கடைசியில் ஏழு வயதுப் பெண்குதிரையை எடுத்தேன். மங்கிய பழுப்பு உடம்பு, வெளிர் பிடரியின் நடுவே கறுப்புக் கோடு. ஓரத்து வெளிர் மயிரைக் கொஞ்சம் குட்டையாக வெட்டினால்தான் கோடு எடுப்பாகத் தெரியும். எனக்கு இன்னும் நேராக வெட்ட வரவில்லை.

சவாரி அதற்கு ஏற்கெனவே பழக்கம், வண்டிதான் புதிது. முதலில் நீளக் கடிவாள வார்களைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்தேன். அப்புறம் ஒரு பழைய டயரைக் கட்டி இழுக்கவிட்டேன். சரளைக்கல்லில் டயர் கரகரத்ததும் குதிரை காதைப் பின்னால் திருப்பியது, நின்றது, சாவகாசமாக ஓரப் புல்லைக் கடித்தது. பயமா? அதெல்லாம் இல்லை. தீனிதான் பிரச்சினை. புல் கொஞ்சம் கூடினாலும் இந்த இனம் ஊதிவிடும். ஏப்ரலில் வாங்கிய சேணத்தின் வயிற்றுவார் ஜூலையிலேயே எட்டவில்லை.