ராஜ்மகல் மலை, ஜார்க்கண்ட், புதுக்கதிர் மாதம்

ஆகஸ்ட் 18, ஞாயிறு

விடாத மழை. ஆராதனைக்குப் பாதிப் பேர்கூட வரவில்லை. மற்றவர்கள் சோளக்காட்டில் பரண்மேல் இருக்கிறார்கள். கதிர் பால் பிடித்துவிட்டால் கிளியும் முள்ளம்பன்றியும் சும்மா விடாது. எங்கள் சபையின் இளையவனுடைய மகனுக்குக் காய்ச்சல் இன்னும் இறங்கவில்லை.

ஆகஸ்ட் 20

புதுக்கதிர் பேச்சு தொடங்கிவிட்டது. இங்கே மக்காச்சோளத்தைத் தங்கள் தெய்வமான கோசாயிக்குப் படைக்காமல் யாரும் வாயில் வைப்பதில்லை. படைக்காமல் தின்றால் ஊருக்கே கேடு வரும் என்று தலைமுறை தலைமுறையாக நம்பி வந்திருக்கிறார்கள். போன வருடம் அறுப்பு முடிந்து ஞானஸ்நானம் எடுத்த குடும்பங்களுக்கு இதுதான் முதல் புதுக்கதிர்.

சாஹிப்கஞ்சிலிருந்து அண்ணன் போன் செய்தார். "பூசைப் பக்கமே போகக்கூடாதுன்னு தெளிவா சொல்லிரும்மா." சொன்னால் கேட்பார்கள். அப்படிக் கேட்டுவிடுவார்களே என்பதுதான் எனக்குப் பயம். தீதி (என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், அக்கா என்று அர்த்தம்) சொன்னாள் என்று விட்டவர்கள், நாளைக்கு வேறொருவர் சொன்னார் என்று திரும்பவும் எடுப்பார்கள். முதல் வருடத்திலேயே கூடாதவற்றின் பட்டியலைக் கையில் கொடுத்தால், விசுவாசம் என்பதே அந்தப் பட்டியல்தான் என்று நினைத்துவிடுவார்கள். அப்போஸ்தலர் 15-ஐ மறுபடி வாசித்தேன். புறஜாதியாரிலிருந்து வந்தவர்கள்மேல் என்ன பாரத்தை வைப்பது என்று எருசலேமில் எவ்வளவு தர்க்கம் நடந்திருக்கிறது! நமக்கு மட்டும் ஒரு போனில் முடிந்துவிட வேண்டும்.

ஆகஸ்ட் 21

பையனின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். இடது விலாவுக்குக் கீழே மண்ணீரல் கெட்டியாகக் கையில் தட்டுகிறது. காய்ச்சல் தொடங்கி இரண்டு வாரம் தாண்டிவிட்டது. மலேரியா சோதனையில் ஒன்றும் இல்லை. மணல் ஈ கடித்து வரும் காலா அசார் காய்ச்சல்தான் என்று மனம் சொல்கிறது. ஈர மண்சுவர், பக்கத்திலேயே மாட்டுக்கொட்டில். மணல் ஈக்கு வேறென்ன வேண்டும்?

ஆகஸ்ட் 22

சுகாதார நிலையத்தில் காலா அசாரைக் கண்டுபிடிக்கும் ஆர்.கே.39 சோதனைப் பட்டை தீர்ந்துவிட்டதாம். "அடுத்த வாரம் வாங்க."

ஆகஸ்ட் 23

தூக்கம் வரவில்லை. பையனின் பாட்டி, குறிசொல்லிப் பூசை செய்யும் தேமானோவைக் கூப்பிடச் சொல்கிறாள். கோழியும் பிடித்துக் கட்டிவிட்டாள். இளையவன் சாயந்தரம் வந்து திண்ணையில் உட்கார்ந்தான். வெகு நேரம் பேசவே இல்லை. அப்புறம் கேட்டான்: "தீதி, இயேசுவிடம் கேட்டாச்சே. ஏன் இன்னும் உடம்பு சுடுது?"

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. இந்த மலைகளில் பலர் கர்த்தரிடம் வந்ததே நோயின் வழியாகத்தான். யாரோ ஜெபித்தார்கள், பிள்ளை பிழைத்தது, குடும்பமே வந்தது. அந்தச் சாட்சிகளை நான் பொய் என்று சொல்லவில்லை, என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். ஆனால் அதோடு நிறுத்திவிட்டால், கோசாயிக்குக் கோழி கொடுத்த இடத்தில் இயேசுவுக்கு ஜெபத்தைக் கொடுக்கிறார்கள், அவ்வளவுதான். முதல் பிள்ளை சாகும் அன்று அந்தக் கணக்கு முறிந்துவிடும். ஜெபித்தால் காய்ச்சல் கட்டாயம் போகும் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். நண்பன் லாசரு செத்த வீட்டுக்கு இயேசு தாமதமாகத்தான் வந்தார், வந்து அழுதார். அந்தக் கதையை மட்டும் முழுசாகச் சொன்னேன். கேட்டுவிட்டு, "அந்த அக்கா தங்கச்சி ரெண்டு பேரும் அவர்கிட்ட கோவிச்சுக்கிட்டாங்களா?" என்றான். ஆமாம் என்றேன். "அப்ப நானும் கோவிச்சுக்கலாம்" என்று எழுந்து போனான்.

தேமானோ வரக்கூடாது என்று நான் சொல்லவில்லை. பையனைச் சோதனைக்குக் கொண்டுபோவதை மட்டும் யாரும் தள்ளிப்போடக்கூடாது என்றேன். பாட்டி என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

இன்று நடந்ததை விடாமல் எழுதி வைக்க வேண்டும்.

பெரும்பாலானவர்களுக்கு எழுத்து தெரியாது. அதனால் ஆதியாகமத்திலிருந்து வரிசையாகக் கதையாகச் சொல்லி வருகிறோம். நான் சொல்வேன், சபைப் பெரியவர் அவர்களுடைய மால்தோ மொழியில் திருப்பிச் சொல்வார், ஏதாவது விட்டுப்போனால் பெண்கள் திருத்துவார்கள். இன்று உபாகமம் 26. கானான் தேசத்தில் முதற்பலனைக் கூடையில் எடுத்துவந்து கர்த்தருடைய சந்நிதியில் வைப்பது, வைத்துவிட்டு, நாங்கள் எகிப்தில் அடிமைகளாய் இருந்தோம், அவர் எங்களைக் கொண்டுவந்தார் என்று வாய்விட்டுச் சொல்வது.

பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கூடையை யார் வாங்கி வைத்தது? அந்நியனும் அந்தச் சந்தோஷத்தில் சேரலாமா? என்று கேட்டார். 11-ஆம் வசனத்தில் அந்நியனும் உண்டு. அதைக் கேட்டதும் ஒரே சத்தம். படைக்காத தானியத்தைத் தின்னவே பயந்தவர்கள், நன்றி சொல்லித் தின்னலாம் என்பதை அவர்களாகவே பிடித்துக்கொண்டார்கள். நான் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். எங்கள் ஊரில் ஸ்தோத்திரப் பண்டிகை அன்று முதல் வாழைத்தாரையும் நெல்லையும் கோயிலுக்குக் கொண்டுவந்து வைப்பார்கள், அப்புறம் எல்லாரும் சேர்ந்து அசனம் சாப்பிடுவோம். அதை இங்கே சொல்ல வாய் துடித்தது, அடக்கிக்கொண்டேன். எங்கள் அசனத்தின் நகலாக அது ஆகிவிடக்கூடாது.

ஆகஸ்ட் 27

பட்டையில் இரண்டு கோடு. காலா அசார்தான். நாளை மாவட்ட மருத்துவமனை.

ஆகஸ்ட் 28

உடல் எடையில் கிலோவுக்கு 10 மில்லிகிராம் கணக்கில் லிப்போசோமல் ஆம்போடெரிசின் மருந்து. ஒரே தடவை டிரிப் ஏற்றினால் போதும், பணம் கிடையாது. முன்பெல்லாம் வாரக்கணக்கில் ஊசி போட்டிருக்கிறார்கள். மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருக்க, பையனின் அம்மா கட்டிலோரம் சாய்ந்து மெல்லப் பாடினாள். யாரும் கற்றுக்கொடுத்த பாட்டு இல்லை. நாற்று நடும்போது பாடும் அவர்களுடைய மெட்டில் லாசருவின் கதை. இளையவன் வீட்டில் சொல்லியிருக்கிறான்!

தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் நினைவுக்கு வந்தார். குறவஞ்சி என்ற நம் நாடக வடிவத்தையே எடுத்து அதில் சுவிசேஷத்தைப் பாடினாரே. 1706-இல் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கினார், சாஸ்திரியார் பிறந்தது 1774-இல். நம் விசுவாசம் நம் ராகத்தில் பாட அவ்வளவு காலம் ஆகியிருக்கிறது. இவள் ஒரு வாரத்தில் பாடிவிட்டாள். நகரத்திலிருந்து கீபோர்டோடு வந்து இந்திப் பாட்டு சொல்லிக்கொடுக்கும் குழுக்களைக் கொஞ்ச நாள் வரவேண்டாம் என்று சொல்லப்போகிறேன்.

ஆகஸ்ட் 30

காய்ச்சல் இறங்குகிறது. கஞ்சி கேட்டான்! ஆறு மாதம் கழித்தும் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். அம்மாவிடம் போனில் சொன்னபோது அழுதுவிட்டேன். "நீ சாப்பிட்டியாட்டி?" என்கிறாள்.

செப்டம்பர் 1, ஞாயிறு

பாட்டி வந்திருந்தாள், கடைசி வரிசையில். கோழியை அவிழ்த்துவிட்டாளா, அறுத்துவிட்டாளா, நான் கேட்கவில்லை.

சபையாரே பேசி முடிவெடுத்தார்கள். முதல் கதிர்களைக் கூடையில் கொண்டுவருவது, ஒவ்வொரு வீட்டாரும் கர்த்தர் தங்களுக்குச் செய்ததை வாயால் சொல்வது, பூசை செய்கிற சொந்தக்காரர்களையும் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவது. அவர்கள் படைத்ததைக் கொடுத்தால் சாப்பிடலாமா என்று ஒருவர் கேட்டார். படைத்ததைத் தின்பது பலவீனமான சகோதரனுக்கு இடறலானால் விட்டுவிடு என்கிற 1 கொரிந்தியர் 8-ஐ வாசித்துக் காட்டினேன். இளையவன், "என்னால் முடியாது, எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது" என்றான். சரி, அவனுக்காக யாரும் சாப்பிடவேண்டாம் என்று பெரியவரே சொல்லிவிட்டார்.

மத்தளம் உண்டு. மகுவா சாராயம் வைக்கலாமா என்பதில் பெண்களெல்லாம் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். வியாழக்கிழமை மறுபடி கூடுகிறார்கள்.