ஸ்கைரிம் மாடிங்: ரிவர்வுட்டில் விளக்கேற்றிய கதை

ஸ்கைரிம் என்ற கணினி விளையாட்டில் ரிவர்வுட் என்று ஒரு சிற்றூர். அதன் தெருவில் சாயங்காலம் ஆறு மணிக்கு லாந்தர்கள் தானாக எரிய வேண்டும், காலை ஆறுக்கு அணைய வேண்டும். என் மாட் (விளையாட்டில் ரசிகர்கள் செய்துகொள்ளும் மாற்றம்) இப்போதைக்கு இவ்வளவுதான். கை பழகியவர்கள் ஒரே உட்காரலில் முடித்துவிடுவார்கள். நான் மாட் செய்யும் கருவியான கிரியேஷன் கிட் பக்கமே போகாதவன். ஏஐ உதவியாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கற்றுக்கொண்டேன். எங்கே கை கொடுத்தது, எங்கே காலை வாரியது என்று எழுதி வைக்கிறேன்.

முதல் தலைவலி பதிப்புக் குழப்பம். ஸ்கைரிம் வந்தது 2011 நவம்பரில், ஸ்பெஷல் எடிஷன் 2016-ல். இரண்டுக்கும் எழுதப்பட்ட குறிப்புகளை ஏஐ ஒன்றாகக் கலந்து படித்திருக்கிறது. பாப்பிரஸ் (ஸ்கைரிமின் நிரல்மொழி) ஸ்கிரிப்ட்டின் மூலக் கோப்பை எங்கே வைப்பது என்று கேட்டால், டேட்டா ஃபோல்டருக்குள் 'ஸ்கிரிப்ட்ஸ்', அதற்குள் 'சோர்ஸ்' என்றது. அது பழைய பதிப்பின் கணக்கு. ஸ்பெஷல் எடிஷனுக்கான கிட், 'சோர்ஸ்' உள்ளே 'ஸ்கிரிப்ட்ஸ்' என்று தலைகீழாகத் தேடும். கோப்பு கண்ணெதிரே இருக்கும், அதை விளையாட்டுக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலர் மட்டும் இல்லை என்று சாதிக்கும். இப்போதெல்லாம் புது உரையாடல் தொடங்கினால் என் முதல் வரி இதுதான்: "ஸ்பெஷல் எடிஷன், எஸ்கேஎஸ்இ கிடையாது."

எஸ்கேஎஸ்இ என்பது ஸ்கிரிப்ட்டுகளுக்குப் புது வசதிகள் சேர்க்க ரசிகர்கள் எழுதிய நிரல். அதைப் பற்றிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஏஐ தரும் கோடில் சில ஃபங்ஷன்கள் அந்தக் கூடுதல் நிரல் இருந்தால்தான் ஓடும். சில எங்குமே இல்லாதவை. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய பாப்பிரஸில் 'ஃபார்' லூப் கிடையாது, 'வைல்' மட்டும்தான். எண்ணில் ஒன்றைக் கூட்ட ஐ ப்ளஸ் ப்ளஸ் என்றும் எழுத முடியாது. இதையெல்லாம் மற்ற மொழிகளின் பழக்கத்தில் ஏஐ சரளமாக எழுதித் தந்துவிடும். கிட்டோடு ஸ்கிரிப்ட்ஸ் ஜிப் ஒன்று வரும். விளையாட்டின் சொந்த மூல ஸ்கிரிப்ட்டுகள் அதில் இருக்கின்றன. அதிலிருந்து, உலகில் வைக்கப்பட்ட பொருள்களுக்கான ஆப்ஜெக்ட் ரெஃபரன்ஸ் கோப்பை முழுசாக ஒட்டி, "இதில் இருக்கும் ஃபங்ஷன்களைத் தவிர வேறு எதையும் தொடாதே" என்று சொன்ன பிறகுதான் கற்பனைச் சரக்கு நின்றது.

விளக்கு விஷயத்துக்கு வருகிறேன். லாந்தர் ஒவ்வொன்றுக்கும் தனி ஸ்கிரிப்ட் தேவையில்லை. தரையில் ஒரு எக்ஸ் மார்க்கர் (விளையாடும்போது கண்ணுக்குத் தெரியாத குறி) வைத்து, எல்லா ஒளிகளுக்கும் அதையே 'எனேபிள் பேரன்ட்' ஆக, அதாவது அவற்றை இயக்கும் தலைமைப் பொருளாகக் கொடுத்தால் போதும். மார்க்கரை எனேபிள் செய்தால் தெரு முழுக்க வெளிச்சம், டிசேபிள் செய்தால் இருட்டு. இந்த யோசனையைத் தந்தது ஏஐதான், அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் நேரம் பார்ப்பதற்கு அது முதலில் தந்த வழி, நொடிக்கு ஒரு முறை ஓடும் 'ரெஜிஸ்டர் ஃபார் அப்டேட்'. மாடர்கள் இதைக் கண்டாலே முகம் சுளிப்பார்கள். மாடை நீக்கினாலும் சேவ் கோப்பில் ஒட்டிக்கொண்டு தொல்லை தரக்கூடியது. வேண்டாம் என்றதும், விளையாட்டு நேரப்படி ஒரே ஒரு முறை கூப்பிடும் வகையைத் தந்தது: ஒவ்வொரு அழைப்பிலும் அடுத்ததைப் பதிந்து பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை எழுந்து, எரிந்தால் அணை, அணைந்திருந்தால் ஏற்று. படிக்க அழகாகத்தான் இருந்தது. விளையாட்டில் நேரத்தை ஓட்டும் டி பட்டனை அழுத்தி இருபது மணி நேரம் காத்திருந்து பார்த்தேன். பட்டப்பகலில் லாந்தர்கள் ஜெகஜ்ஜோதியாக எரிந்தன. தூங்கினாலும் காத்திருந்தாலும் அந்த அழைப்பு முடிவில்தான் வருகிறது, அதுவும் ஒரே தடவை. அங்கிருந்து முழுக் கணக்கும் தள்ளிப்போகிறது.

தீர்வு எளிது. 'கெட் கரன்ட் கேம் டைம்' நேரத்தை நாள் கணக்கில் தரும், 0.25 என்றால் காலை ஆறு, 0.75 என்றால் மாலை ஆறு. ஸ்கிரிப்ட் எழும்போதெல்லாம் அந்தத் தசமப் பகுதியைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும், அடுத்த ஆறு மணி எவ்வளவு தொலைவு என்று கணக்கிட்டு மறுபடி பதிய வேண்டும். ஸ்கைரிமில் நிஜத்தின் ஒரு நிமிடம் விளையாட்டின் இருபது நிமிடம், அதாவது ஒரு முழு நாள் 72 நிமிடம். உட்கார்ந்து காத்திருந்து சோதிக்க முடியாது. கன்சோலில் (கட்டளை தட்டும் பெட்டி) டைம்ஸ்கேலை, அதாவது நேரம் ஓடும் வேகத்தை, ஏற்றிவிட்டுத்தான் பார்த்தேன்.

கோடு எழுதுவதைவிடப் பிழைப் பதிவைப் படிப்பதில்தான் ஏஐ கெட்டி. விளையாட்டின் அமைப்புகள் இருக்கும் ஐஎன்ஐ கோப்பில் பாப்பிரஸ் லாகிங்கை இயக்கிவிட்டு, வந்த பதிவை அப்படியே ஒட்டினேன். "நன் (எதுவும் இல்லாத) ஆப்ஜெக்ட் மீது எனேபிள் அழைக்க முடியாது" என்ற வரியைப் பிடித்து, ஸ்கிரிப்ட்டில் ப்ராப்பர்ட்டி (மார்க்கருக்கான இடம்) அறிவித்திருக்கிறது, கிட்டில் அதற்கு மார்க்கரை நிரப்பவில்லை என்றது. சரிதான். நிரப்பிய பிறகும் பழைய சேவில் அதே பிழை வந்தது. பழைய மதிப்பு சேவுக்குள் உறைந்துபோயிருக்கும், மாட் ஏறாத சேவில் சோதி என்றது. அதுவும் சரி.

ப்ளக்இன்களைச் சரிபார்க்கும் கருவியான எஸ்எஸ்இ எடிட்டில் ப்ளக்இனை (என் மாடின் கோப்பை) திறந்து, தவறுதலாக நகர்ந்த மரம், பாறை எதுவும் சேர்ந்துவிடவில்லை என்று பார்த்தாயிற்று. அது காட்டும் நிறங்களின் பொருளை ஏஐயிடம் ஸ்கிரீன்ஷாட் காட்டிக் கேட்டுக்கொண்டேன். சிறிய ப்ளக்இன் என்று குறிக்கும் இஎஸ்எல் கொடியும் போட்டாயிற்று. 254 என்ற வழக்கமான ப்ளக்இன் வரம்பில் இது இடம் பிடிக்காது.

அடுத்தது மழை. வானிலை வகையை விளையாட்டு எண்ணாகத் தருகிறது: 2 மழை, 3 பனி. கொட்டும் மழையில் பாதி லாந்தர்கள் அணைந்திருக்க வேண்டும் என்று ஆசை. அதற்கு இரண்டாவது மார்க்கர் வேண்டும், எந்த லாந்தர்கள் கூரைக்கு அடியில் இருக்கின்றன என்று தெருவில் நடந்து பார்க்கவும் வேண்டும்.