முதலில் மோசமான பாத்தி

விவசாயத்துக்கு வந்து எனக்கு இது மூன்றாவது வருடம். முதல் வருடம் முழுக்க ஒருவரிடமும் எதையும் கேட்கவில்லை. கேட்க ஆளில்லை என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் வெட்கம்தான் காரணம்.

இப்போது என்னைப் போன்ற புதியவர்கள் பன்னிரண்டு பேர் மாதம் ஒருமுறை யாராவது ஒருவர் தோட்டத்தில் கூடுகிறோம். சுற்றிப் பார்க்கிறோம், அப்புறம் சேர்ந்து சாப்பிடுகிறோம். ஆரம்பத்தில் இது சுற்றுலா மாதிரிதான் இருந்தது. தோட்டக்காரர் நன்றாக விளைந்த பகுதியைக் காட்டுவார், நாங்கள் படம் எடுப்போம், வீடு திரும்பி நம் தோட்டத்தைப் பார்த்து வயிறெரிவோம். மூன்றாவது தடவை ஒரு அக்கா பொறுக்கமாட்டாமல், "எது கெட்டுப்போச்சு, அதைக் காட்டுங்க" என்றார். அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது.

என் முறை வந்தபோது தக்காளிக்கு அழைத்துப் போனேன். வரிசையின் தொடக்கத்தில் செழிப்பு. போகப்போகச் சோர்வு. கடைசிப் பத்துச் செடிகள் தலை தொங்கிக் கிடந்தன. வாடல் நோய் என்று முடிவுகட்டி மருந்துகூட விசாரித்து வைத்திருந்தேன். அக்கா செடியைத் தொடவே இல்லை. சொட்டுநீர்க் குழாயின் கடைசி மூடியைக் கழற்றச் சொன்னார். கழற்றியதும் சேறு கொழகொழவென்று வந்தது.

"ஃபில்டரை எப்பக் கழுவினீங்க தம்பி?"

கழுவியதே இல்லை. கடைமடைக்குத் தண்ணீர் போகவில்லை, அவ்வளவுதான் விஷயம். தினமும் அந்த மூடியைத் தாண்டித்தான் நடந்துகொண்டிருந்தேன்.

இன்னொரு தோட்டத்தில் இரும்புக் கம்பியை மண்ணில் குத்திப் பார்த்தோம். அரை அடிக்கு மேல் இறங்கவில்லை. ஒரு செடியைப் பிடுங்கினால், வேர் நேராகப் போய் எதிலோ முட்டிப் பக்கவாட்டில் திரும்பியிருந்தது. ஒரே ஆழத்தில் திரும்பத் திரும்ப, மண்ணைக் கிளறும் ரொட்டவேட்டர் ஓட்டியதில் அடிமண் இறுகிவிட்டது. உரம் போதவில்லை என்று நினைத்து அந்தத் தோட்டக்காரர் இரண்டு பருவமாகச் செலவு செய்துகொண்டிருந்தார்.

இது எங்கள் கண்டுபிடிப்பு இல்லை. ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு 1989-இல் இந்தோனேசியாவில் நெல் விவசாயிகளுக்காகத் தொடங்கிய வயல்வெளிப் பள்ளிகளும் இப்படித்தான்: பருவம் முழுக்க வயலிலேயே கூடி, பயிரையும் பூச்சியையும் பார்த்து, பார்த்ததைப் படமாக வரைந்து பேசுவது. வரைவதை நாங்களும் முயன்றோம். என் செடி குடை மாதிரி வந்தது.

ஒரு தோட்டக்காரர் வாசலில் வாளித் தண்ணீரும் பிரஷ்ஷும் வைத்து, எல்லோரையும் செருப்பு கழுவச் சொன்னார். ஒருவருக்கு முகம் சுருங்கியது. ஆனால் வேரைத் தாக்கும் நூற்புழுவும் வாடல் நோயும் ஒட்டிய மண்ணோடு பயணம் செய்யும், அதனால் அவர் செய்ததே சரி.

சாப்பாட்டிலும் தப்பு செய்துதான் கற்றோம். முதலில் தோட்டக்காரர் வீட்டிலேயே சமைத்தார்கள். அவர் மனைவியும் விவசாயிதான், ஆனால் அன்று முழுக்க அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. அதன்பிறகு ஆளுக்கொரு பாத்திரம் கொண்டுவருவது என்றாகிவிட்டது. சாப்பாட்டை முதலில் வைத்த நாளில் பாதிப் பேர் மர நிழலில் தூங்கிவிட்டார்கள். அதனால் நடை முடிந்த பிறகுதான் இலை.

வயலில் நிற்கும்போது எல்லோரும் மண், பூச்சி, தண்ணீர் என்றே பேசுவார்கள். கடன் பேச்சு தட்டில் கை வைத்த பிறகுதான் வரும். போன மாதம் ஒருவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "இந்தப் பருவத்தோட விட்டுடலாம்னு இருக்கேன்" என்றார். யாரும் அறிவுரை சொல்லவில்லை. அக்கா மட்டும் தன் முதல் மூன்று வருடக் கணக்கைச் சொன்னார், நஷ்டத்தோடு. விட்டுவிடலாம் என்றவர் இன்னும் முடிவெடுக்கவில்லை. ஆனால் அடுத்த கூட்டத்துக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

அடுத்த கூட்டம் என் தோட்டத்தில். கிணற்றோரப் பாத்தியில் வெண்டை களைக்குள் மறைந்து கிடக்கிறது. நேற்று களைக்கொத்தோடு அங்கே போய், கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, அப்படியே திரும்பிவிட்டேன்.