பிரதிபலிப்புக் குறிப்பேடு ஒப்படைத்த கதை

ஆசிரிய மாணவர்கள் பாடசாலையொன்றில் கற்பித்துப் பழகும் கட்டுறு பயிற்சியில் பாடக்குறிப்பு தயாரிப்பதும் வகுப்பை நடத்துவதும் ஒருவாறு கைவந்துவிடும். ஆளை வாட்டுவது, வகுப்பில் நடந்ததை நாமே திரும்பிப் பார்த்து எழுதும் பிரதிபலிப்புக் குறிப்பேடுதான். எனக்குக் கிடைத்ததோ மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைப் பாடசாலை. குருமண்வெளித் துறையில் வாவியைக் கடக்கும் மிதவைப் பாதைக்குக் காத்திருக்கும் நேரத்திலேயே பெரும்பாலான குறிப்புகளை எழுதினேன். வீட்டுக்குப் போய் எழுதலாம் என்று விட்டால் வகுப்பில் நடந்தது பாதி மறந்துபோகும்.

எங்களுக்குத் தந்த படிவம், கல்வியியலாளர் கிரஹாம் கிப்ஸ் 1988 இல் முன்வைத்த பிரதிபலிப்பு வட்டத்தைத் தழுவியது: விபரிப்பு, உணர்வு, மதிப்பீடு, பகுப்பாய்வு, முடிவு, செயற்றிட்டம். முதலில் மேற்பார்வைக்கு வந்த விரிவுரையாளர் குறிப்புகள் போதிய நீளமில்லை என்றார். நீட்டி எழுதினேன். அடுத்து வந்தவர் அந்தப் பக்கங்களைப் புரட்டிவிட்டு, “இது கதை, பிரதிபலிப்பு எங்கே?” என்று சிவப்புப் பேனையால் கோடிட்டார். இருவரும் தமக்குள் ஒருமுறை பேசியிருந்தால் எனக்கு அவ்வளவு தாள் மிஞ்சியிருக்கும்.

அவர் கோடிடாமல் விட்டது ஒரு குறிப்பை மட்டும். தரம் 7 இல் 1/2 உடன் 1/3 ஐக் கூட்டச் சொன்னபோது பலர் 2/5 என்று எழுதியிருந்தார்கள். மேலுள்ள தொகுதியைத் தொகுதியோடும் கீழுள்ள பகுதியைப் பகுதியோடும் கூட்டியவர்களுக்கு, வந்த விடை 1/2 ஐவிடச் சிறியது என்பது உறுத்தவேயில்லை. பின்னத்தை ஓர் அளவாகக் காணாமல் இரண்டு தனி எண்களாகக் காண்கிறார்கள் என்று பகுப்பாய்வில் எழுதி, மறுநாள் கடதாசிப் பட்டியை ஆறாக மடித்து, 1/2 க்கு மூன்று பங்கையும் 1/3 க்கு இரண்டு பங்கையும் நிறந்தீட்ட வைத்தேன். விரிவுரையாளர் தேடியது அந்தத் தொடர்பைத்தான்: இன்று எழுதிய காரணம் நாளைய பாடக்குறிப்பை மாற்றியிருக்க வேண்டும். உணர்வுப் பகுதிக்கு ஒரு வரி போதும்.

ஒப்படைக்கப் போன இடத்தில் இன்னொரு சோதனை. “பக்கத்துக்குப் பக்கம் வழிகாட்டி ஆசிரியர்ர சைன் வேணும் மிஸ், இல்லாட்டி எடுக்க ஏலாது” என்றார் எழுதுவினைஞர். அறிவுறுத்தல் தாளில் அப்படி ஒரு வரியும் இல்லை. பாடசாலை விடுமுறை என்பதால் அந்த ஆசிரியரின் வீடு தேடி அலைய வேண்டியதாயிற்று. வாராவாரம் கையொப்பம் வாங்கிவிடுங்கள்; அதிபரின் இறப்பர் முத்திரையையும் அப்போதே வைப்பித்துக்கொள்ளுங்கள்.

பற்றுச்சீட்டு தரும் வழக்கமில்லை என்று கடைசியில் கையை விரித்தார்கள். நான் நகரவில்லை; போட்டோப் பிரதியின் முதற்பக்கத்தில் திகதியிட்டு ஒப்பம் வாங்கிய பிறகுதான் வெளியே வந்தேன்.