அகப்பைக்கும் மண்வெட்டிக்கும் கோடு இழுக்க முன்

தரம் 1, 2 பிள்ளைகளுக்குக் கொடுக்கும் செயலட்டைகளில் வருடா வருடம் தலைகாட்டும் கேள்வி ஒன்று உண்டு. இடப்பக்கம் அம்மா, அப்பா, அக்கா, தம்பி. வலப்பக்கம் அகப்பை, மண்வெட்டி, விளக்குமாறு, பந்து. "பொருத்துக." அம்மாவிலிருந்து மண்வெட்டிக்குக் கோடு இழுத்த பிள்ளைக்குச் சிவப்புப் பேனையால் பிழை விழும். வன்னியில் துணுக்காயிலோ விசுவமடுவிலோ இருக்கிற அந்தப் பிள்ளை காலையில் கண்டதோ, அம்மா மண்வெட்டியோடு நின்று மிளகாய்த் தோட்டத்துக்குத் தண்ணி மாறியதை.

பாடநூல்களில் ஆண், பெண் பாகுபாடு என்றதும் எல்லோரும் படங்களைத்தான் புரட்டுகிறார்கள். புள்ளி வழங்கும் திட்டத்தை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. படம் ஒரு கருத்தைக் காட்டிவிட்டு நின்றுவிடுகிறது. புள்ளித்திட்டம், வேறுவிதமாகச் சொன்ன பிள்ளையின் புள்ளியையே வெட்டுகிறது. அதோடு, படம் பாடநூலில் அச்சாகியே வருகிறது. செயலட்டையும் தவணைப் பரீட்சை வினாத்தாளும் பெரும்பாலும் பாடசாலையிலோ கல்வி வலயத்திலோ ஆசிரியர்களாகிய நாங்களே தயாரிப்பவை. திருத்த யாருடைய அனுமதியும் தேவையில்லை.

மேலே சொன்ன கேள்வியில் ஆட்களே வேண்டியதில்லை. பிள்ளைக்குப் பொருளின் பயன் தெரியுமா என்பதுதானே நோக்கம்? அகப்பை – கறி கிளற, மண்வெட்டி – வரம்பு கட்ட, விளக்குமாறு – முற்றம் கூட்ட என்று வேலைகளை எதிரே போட்டால் போதும். ஆட்களும் வேண்டுமென்றால் "உங்கள் வீட்டில் இதைப் பாவிப்பவர் யார் யார்?" என்று கேட்கலாம். அப்போது "பிள்ளையின் வீட்டு நிலைமைக்கேற்ற எந்த விடைக்கும் முழுப்புள்ளி" என்று புள்ளித்திட்டத்தில் எழுதியே ஆகவேண்டும். வாய்ச்சொல்லாக விட்டால், தாள் திருத்துகிற இன்னொரு ஆசிரியர் பழைய வழக்கப்படியே பிழை போட்டுவிடுவார்.

குடும்பம் பற்றிய பாடத்தில் இது இன்னும் கூர்மையாக வெட்டும். 2009க்குப் பிறகு வன்னியில் பெண் தலைமை தாங்கும் குடும்பங்கள் ஏராளம். "அப்பா ______ க்குப் போகிறார். அம்மா ______ சமைக்கிறார்" என்ற இடைவெளி நிரப்பலில், தகப்பன் இல்லாத பிள்ளை முதல் வரியிலேயே பேனையை வைத்துவிடும். "எங்கள் வீட்டில் ______ இருக்கிறார். அவர் ______ செய்வார்" என்று ஐந்து வரி கொடுத்துப் பாருங்கள். மொழிப்பயிற்சி அதேதான், அம்மம்மாவோ மாமாவோ யாரும் வந்து உட்காரலாம். "எமக்கு உதவுவோர்" பாடத்துக்கும் இங்கே ஆட்பஞ்சம் இல்லை. முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றும் பணியில் முழங்காலில் இருந்து மண் கிளறும் பெண்களை வன்னி மாவட்டங்களின் பிள்ளைகளுக்குத் தெரியும். படஅட்டையில் மட்டும் ஏனோ அவர்களைக் காணோம்.

ஒரு புத்தகத்தில் இந்தப் பாகுபாடு எவ்வளவு என்று எடைபோட வேண்டுமானால் ஆட்களையும் செயல்களையும் எண்ணித்தான் ஆகவேண்டும். முழுப் புத்தகம் தேவையில்லை. முதலில் ஒன்று, நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று என்று மூன்று அலகுகள் போதும். இரண்டு பேர் தனித்தனியே எண்ணிவிட்டு ஒப்பிட வேண்டும். எண்ணத் தொடங்க முன்னரே விதிகளை எழுதிக்கொள்ளுங்கள்: கூட்டமாக நிற்கும் படத்தில் முகம் தெரிபவர்கள் மட்டும், ஒரே பாத்திரம் ஐந்து பக்கத்தில் வந்தாலும் ஆள் கணக்கில் ஒன்று, செயல் கணக்கில் ஐந்து, ஆணா பெண்ணா தெரியாதவருக்குத் தனி நிரல். இந்த விதிகள் இல்லாமல் எண்ணிய இருவருக்கு ஒருநாளும் ஒரே விடை வராது.

நிரல்கள் இவை: ஆள், இருக்கும் இடம் (வீடு, வளவு, வெளி), கையில் உள்ள பொருள், செய்யும் வேலை, பேசுகிறவரா கேட்கிறவரா. பலர் தலையை மட்டும் எண்ணி, சரிக்குச் சரி வந்துவிட்டது என்று புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். வினைச்சொற்களை எழுதிப் பார்த்தால்தான் சங்கதி வெளிக்கும். ஒரு பக்கம் ஓடினான், ஏறினான், கண்டுபிடித்தான், விற்றான். மறுபக்கம் பார்த்தாள், கொடுத்தாள், பயந்தாள், மகிழ்ந்தாள். கணினிப் படமென்றால் விசைப்பலகையில் யாருடைய கை, பின்னால் நின்று எட்டிப் பார்ப்பது யார் என்று பாருங்கள். "விமானி" ஒரு இடத்திலும் "பெண் விமானி" இன்னொரு இடத்திலும் வந்தால் அதையும் குறியுங்கள்.

வினைமுற்றிலும் ஒரு பொறி இருக்கிறது. "ஒரு வியாபாரி 50 கிலோ உழுந்தை வாங்கி விற்றான்" என்று எழுதியவருக்கு ஆணைப் பற்றி எழுதுகிறோம் என்ற எண்ணமே இருந்திராது. "விற்றார்" என்றால் முடிந்தது அலுவல். ஆனால் எல்லாவற்றையும் "ஆர்" ஆக்கிவிட்டால் பெண்கள் தெரியாமலே போய்விடுவார்கள். வாசிப்பவர் மனதில் வியாபாரி ஆணாகவே நிற்பார். ஆகவே பாதிக் கேள்விகளிலாவது பெயர் வையுங்கள்: உழுந்து வாங்கி விற்பவர் கமலா, சட்டை தைப்பவர் ரவி. அப்பா "வந்தார்", அம்மா "வந்தாள்" என்று ஒரே பந்தியில் வருவதும் உண்டு. இதைத் திருத்த ஒரு நிமிடம் போதாதா?

கணிதத்தில் பழைய மாதிரி வினாத்தாள்களைப் பார்த்து எழுதுவதால் தொடர்ந்து வருவது இது: "4 ஆண்கள் அல்லது 6 பெண்கள் ஒரு வேலையை 12 நாட்களில் முடிப்பர். 2 ஆண்களும் 3 பெண்களும் சேர்ந்து எத்தனை நாட்களில் முடிப்பர்?" விடை 12. இந்தக் கணக்கைச் செய்ய, ஒரு பெண்ணின் வேலை ஆணின் வேலையில் மூன்றில் இரண்டு என்று பிள்ளை ஏற்றுக்கொண்டாக வேண்டும். களை பிடுங்கவும் கச்சான் ஆயவும் போகும் பெண்களுக்கு நாட்கூலி குறைத்துக் கொடுப்பதற்கு இதைவிட நல்ல நியாயம் யாருக்கும் கிடைக்காது. ஆட்களை எடுத்துவிட்டு நீர்ப்பம்பிகளைப் போடுங்கள்: 4 பெரிய பம்பிகள் அல்லது 6 சிறிய பம்பிகள் ஒரு குட்டையை 12 மணித்தியாலத்தில் இறைக்கும். பின்னங்கள், படிகள், விடை ஒன்றும் மாறாது. பம்பியின் வலு வேறுபடுவதில் யாருக்கும் மனக்குறையும் இல்லை.

பழைய இலக்கியத்துக்கு இந்த வைத்தியம் சரிவராது. ஔவையாரின் ஆத்திசூடியில் "தையல் சொல் கேளேல்" (பெண்ணின் பேச்சைக் கேளாதே) இருக்கிறது. அதை மறைப்பதும் அழிப்பதும் வீண்வேலை. தரம் 2இல் மனனத்துக்குக் கொடுக்காமல், விவாதிக்கக்கூடிய வயதில் பாரதியாரின் புதிய ஆத்திசூடியில் வரும் "தையலை உயர்வு செய்" என்பதோடு பக்கத்தில் வைத்துக் கற்பிக்கலாம். முதல் வரியைப் பாடிய ஔவையாரே ஒரு பெண் அல்லவா என்று பிள்ளைகள் தாங்களாகவே கேட்பார்கள். ஆசிரியர் முந்திக்கொள்ளாமல் இருந்தால்.

தரம் 6 முதல் 9 வரை செயன்முறைத் தொழினுட்பத் திறன்கள் பாடத்தில் புத்தகம் ஓரளவு நேராக இருந்தாலும் வகுப்பறை கோணிவிடும். மின்சுற்று பெடியளுக்கு, சமையல் பெட்டையளுக்கு என்று குழு பிரியும். கலந்த குழு போட்டாலும் செப்பமான கையெழுத்துள்ள பெண்பிள்ளையிடம் குறிப்பெடுக்கும் வேலை போகும். அவள் கடைசிவரை திருப்புளியைத் தொடமாட்டாள். நான்கு பேர் குழுவில் நான்கு வேலை: பொருள் எடுப்பது, செய்வது, குறிப்பது, துப்புரவாக்குவது. ஒவ்வொரு செயற்பாட்டுக்கும் ஒரு இடம் நகர வேண்டும். சுழற்சி அட்டவணையைச் சுவரில் ஒட்டாவிட்டால் இரண்டாம் கிழமையே பழையபடி ஆகிவிடும். இதைச் சரிசெய்யாமல், தரம் 10இல் மனைப்பொருளியலா, வடிவமைப்பும் கட்டட நிர்மாணத் தொழினுட்பமுமா என்று படிவம் நீட்டிவிட்டு "பிள்ளையின் விருப்பம்" என்பது சும்மா கதை.

அச்சான பாடநூலில் பிழை கண்டால், அதற்கும் பிடிமானம் உண்டு. பெண்களுக்கு எதிரான பாகுபாடுகளை ஒழிக்கும் ஐ.நா. சமவாயத்தை இலங்கை 1981இல் ஏற்றுறுதி செய்தது. அதன் 10ஆம் உறுப்புரை, பாடநூல்களைத் திருத்தி, ஆணுக்கு இது, பெண்ணுக்கு இது என்ற இத்தகைய வார்ப்புகளை நீக்கும்படி நேரடியாகவே சொல்கிறது. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்துக்கு எழுதும்போது தரம், பாடம், பதிப்பாண்டு, பக்கம், வரி அல்லது பட எண் எல்லாம் இருக்கட்டும். பிரதியொன்றைப் பாடத்துக்குரிய ஆசிரிய ஆலோசகருக்கும் கொடுங்கள். "பெண்களை இழிவுபடுத்துகிறது" என்று மட்டும் எழுதினால் யாராலும் எதையும் திருத்த முடியாது. உங்கள் மாற்று வரியையும் சேர்த்தே அனுப்புங்கள். அது பழைய வரியின் நீளத்திலேயே இருந்தால் நல்லது. நீண்டால் பக்க அமைப்புக் குலையும், அதையே காரணம் காட்டித் தள்ளிவைப்பார்கள். படமென்றால், யாருடைய கையில் எது இருக்கவேண்டும் என்று ஒரு வசனம் எழுதினால் ஓவியருக்குப் போதும்.