ஆறரையும் ஏழரையும்

"ஏழரையா இருந்திருந்தா வெட்டியிருப்பீங்க, அப்படித்தானே டாக்டர்?"

கேலியாகத்தான் கேட்டார். அவருடைய உள்ளங்கால் மச்சத்தை அளந்து "ஆறரை" மில்லிமீட்டர் என்று சொன்னது அவர் காதில் விழுந்திருந்தது. ஆமாம் என்பதுதான் நேரான பதில். ஆனால் "அப்படியில்லைங்க, இது பயப்படற மாதிரி இல்லை" என்று சொல்லியாகிவிட்டது. அதில் பாதிதான் உண்மை.

உள்ளங்கால் தோல் டெர்மோஸ்கோப்பில், அதாவது தோலைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியில், உழுத நிலம் மாதிரி தெரியும். சால், மேடு, சால், மேடு. மேட்டின் நடுவே வியர்வைத் துளைகள் வெள்ளைப் புள்ளிகளாக வரிசைகட்டி நிற்கும். சாதாரண மச்சத்தில் நிறம் சாலோடு ஓடும். மெலனோமா புற்றுநோய் என்றால், ஆரம்ப நிலையிலேயே மேட்டில் ஏறிவிடும். ஜப்பானில் சாய்தா குழுவினர் 2004-ல் வெளியிட்ட கணக்கில், உள்ளங்கை, உள்ளங்கால் மெலனோமாக்களில் 86 சதவீதத்தில் இந்த மேட்டு வரி இருந்தது. சாதாரண மச்சங்களில் 99 சதவீதத்தில் இல்லை. ஆகவே மேட்டு வரி தெரிந்தால் அளவைப் பார்க்காமல் பயாப்சி, அதாவது வெட்டி ஆய்வகத்துக்கு அனுப்புவது. சால் வரி ஒழுங்காக இருந்தால் விட்டுவிடலாம். இரண்டிலும் சேராத இழுபறிக்குத்தான் 7 மில்லிமீட்டர் கணக்கு: தாண்டினால் பயாப்சி, தாண்டாவிட்டால் 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை படம் எடுத்து ஒப்பிடுவது.

இது இழுபறி. குதிகால் ஓரம், பெரும்பகுதி சால் வரி, ஒரு விளிம்பு மட்டும் குழம்பியிருந்தது. பேனா மையைத் தடவி, ஸ்பிரிட் பஞ்சால் ஒரே இழுப்பில் துடைத்துப் பார்த்தோம். (இன்னும் அழுத்தித் துடைத்தால் சாலில் தங்கிய மையும் போய்விடும், சோதனை வீண்.) மை நின்ற கோட்டிலேயே பழுப்பும் இருந்தது, அந்த விளிம்பைத் தவிர. குதிகாலில் உடல் எடை தோலின் தடித்த மேல்படலத்தைச் சாய்த்துவிடும். சாலுக்கு அடியில் கிளம்பிய நிறம் சரிந்து, மேட்டின் குறுக்கே நார்நாராகத் தெரியும். கருவியையும் அதே சாய்வில் பிடித்தால் நார்கள் சாலுக்குள் ஒடுங்க வேண்டும். ஒடுங்கின, பாதி.

அந்த ஆறரையும் அப்படி ஒன்றும் கெட்டியான எண் இல்லை. ஓரத்தில் நிறம் மங்கிக்கொண்டே போகும். ஸ்கேலின் பூஜ்யத்தை எங்கே வைப்பது என்பது அளப்பவர் கையில். மங்கலையும் சேர்த்தால் 7-ஐத் தொட்டிருக்கும்.

வெட்டாததற்கு நியாயம் இருக்கிறது. மேலாகச் சீவி எடுக்க முடியாது. மெலனோமா என்று முடிவு வந்தால் அடுத்த சிகிச்சையை அதன் ஆழம்தான் தீர்மானிக்கும், சீவினால் அந்த ஆழம் தொலைந்துபோகும். சுற்றிலும் 2 மி.மீ. விட்டுக் கொழுப்பு வரை முழுதாக எடுக்க வேண்டும். தையல் 2, 3 வாரம் இருக்கும், அதுவரை கால் ஊன்றக் கூடாது. பிறகும் தழும்பு உறுத்தலாம். ஆய்வகப் படிவத்தில் "ரேகைக்குக் குறுக்கே வெட்டவும்" என்று எழுத விட்டுப்போனால், ரேகையோடு சேர்த்து நீளவாக்கில் வெட்டிவிடுவார்கள். அப்புறம் எது சால், எது மேடு என்றே பிரிக்க முடியாது.

எல்லாம் சரி. ஆனால் இதே வலி, இதே தழும்பு, இதே படிவம் ஏழரைக்கும் உண்டே? அப்போது மட்டும் தயங்காமல் வெட்டச் சொல்லியிருப்போம். கோட்டை எங்காவது போட்டாக வேண்டும், அகலமானவற்றில் ஆபத்து கூடுதல் என்பதெல்லாம் தெரியும். மெலனோமாவும் ஒரு நாள் 3 மி.மீ. இருந்துதான் வளர்ந்திருக்கும் என்பதும் தெரியும். அவரிடம் "இது எங்களுக்கே இழுபறிதான், வெட்டலாமா, காத்திருக்கலாமா?" என்று கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் மூன்று மாதம் தூங்கியிருப்பாரா என்பது வேறு விஷயம்.

மூன்று மாதம் கழித்துச் சொன்ன தேதிக்கு வந்தார். படங்களை அருகருகே வைத்துப் பார்த்ததில் வரியில் மாற்றமில்லை. அளவும் அதே 6.5. இந்த முறை அவர் எதுவும் கேட்கவில்லை. அளக்கும்போது பழைய குறிப்பு மேசையில் விரித்தபடி இருந்தது. அதை மூடிவைத்துவிட்டு அளந்திருக்கலாம்.